இரவல் போன குக்கர்

மதியம் பணிமனையிலிருந்து அர்செனியோ வீட்டுக்கு வந்தபோது அடுப்பின் மேல் குக்கர் இல்லை.

முதலில் அவன் பதறவில்லை. கழுவும் தொட்டியில் பார்த்தான். மேசைக்கு அடியில் பார்த்தான். பின்கட்டில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே மனைவி கவிழ்த்து வைத்திருக்கிறாளோ என்று எட்டிப் பார்த்தான். பிறகுதான் சமையலறைக் கதவின் உட்புறம் கண்ணில் பட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் சேதி எழுதி வைக்கிற கதவு அது. ஒடால்மிஸ் சாக்கட்டியால் எழுதியிருந்தாள்: 'ரேஷனில் பட்டாணி போட்டுவிட்டார்கள். குக்கரை மிர்த்தாவுக்குக் கொடுத்தேன். சண்டைக்கு வராதே.'

பட்டாணி என்ற சொல்லை அவன் இரண்டு முறை படித்தான்.

சாந்தியாகோவின் அந்த மேட்டுத் தெருக்களில் அர்செனியோவின் கை படாத வீடு கிடையாது. செத்துப்போன ருஷ்ய வாஷிங் மெஷினின் மோட்டாரைக் கழற்றி மின்விசிறியாக்குவான். கேன்டீன் சாப்பாட்டுத் தட்டுகளை வெட்டி டிவிக்கு ஆன்டெனா செய்வான். அறுந்த அடுப்புக் காயிலை முறுக்கிச் சேர்த்து மறுபடி சிவக்க வைப்பான். கைப்பிடி உடைந்த வாணலி, கால் போன நாற்காலி, வாய் திறந்த செருப்பு, எது வந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டான். ஐம்பத்து நாலு வயதில் அவனுக்கென்று ஊரில் ஒரு பேர் இருந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொரு பேரும் இருந்தது, கஞ்சன் என்று. இரண்டுமே அவன் உழைத்துச் சம்பாதித்தவைதான். காசு கொடுத்து ஒரு சாமானை வாங்குவதென்றால் அவனுக்குப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி. கையால் செய்து கொள்ளக்கூடிய ஒன்றை ஒருவன் கடையில் வாங்கினால், அவனை ஏமாளி என்று வாய்விட்டே சொல்வான்.

இரண்டு மாதத்துக்கு முன் குக்கரின் சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு போய் கருப்பு பீன்ஸ் முழுவதும் கூரையில் அப்பிக்கொண்டது. ஒடால்மிஸ் நாற்காலி மேல் ஏறி நின்று கரண்டியால் சுரண்டினாள். மறுநாள் காலை, பள்ளிச் சீருடைகளுக்குத் தனியாகப் பட்டன் தைத்துச் சேர்த்த காசை அவன் கையில் வைத்து, "ஒழுங்கா ஒரு புது வால்வு வாங்கிட்டு வா" என்றாள். அவனும் சந்தைக்குப் போனான். விலையைக் கேட்டான். விற்றவன் சொன்ன தொகையைக் கொடுத்தால் வால்வோடு வெட்கத்தையும் சேர்த்து வாங்குவதாக இருக்கும் என்று அவனுக்குப் பட்டது. பேசாமல் திரும்பி வந்து, பணிமனையில் பேருந்துத் தகட்டிலிருந்து கழன்ற ஓர் அலுமினிய ரிவெட்டை எடுத்து, அரத்தால் தேய்த்து, அந்த ஓட்டையில் வைத்துச் சுத்தியலால் அறைந்து மூடினான். பளபளவென்று அழகாக உட்கார்ந்தது. "வாங்கிட்டியா?" என்று கேட்டாள். "ம்" என்றான். காசு ஆணி டப்பாவின் அடியில் அப்படியே கிடந்தது. அவன் அதைச் செலவு செய்யவில்லை. செலவு செய்யாமலிருப்பதில்தானே அவனுக்குச் சந்தோஷம்.

அந்த வால்வு எதற்கு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? ஊரிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். மேலே வெயிட் உட்காரும் துவாரம் அடைத்துக்கொண்டால், உள்ளே திமிறுகிற ஆவி வெளியேற இருக்கிற ஒரே வழி அது. அதை அவன் பூட்டிவிட்டான். அதனால்தான் அன்றிலிருந்து வீட்டில் பீன்ஸ் சமைப்பது அவன் வேலையாயிற்று. ஒவ்வொரு தடவையும் துவாரத்தில் கம்பி விட்டுக் குத்துவான், பாதிக்கு மேல் நிரப்ப மாட்டான், பக்கத்திலேயே நிற்பான். பட்டாணியை மட்டும் அதில் போடவே விடவில்லை. பட்டாணி நுரைத்துப் பொங்கும். தோல் மேலே ஏறித் துவாரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 'குக்கரை யாருக்கும் இரவல் கொடுக்கக் கூடாது' என்று ஒடால்மிஸிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கஞ்சனுக்குக் காரணம் வேண்டுமா என்ன.

காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் இன்னும் வரவில்லை. இரண்டு மணிக்கு வரும் என்று பேச்சு. பேச்சை நம்பி யாரும் காத்திருப்பதில்லை. இந்தத் தெருக்களில் ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் இல்லாதபோதே பாத்திரத்தை மின் அடுப்பில் ஏற்றி, அடுப்பின் திருகைத் திறந்தே வைத்துவிடுவார்கள். கரண்ட் வந்த நொடியே சமையல் ஆரம்பிக்க வேண்டும், ஒரு நிமிஷம் வீணாகக் கூடாது. ஆள் பாட்டுக்கு வேறு வேலை பார்க்கும், குளிக்கும், வாசலில் அரட்டை அடிக்கும். கரண்ட் எப்போது வருமென்று யாருக்குத் தெரியும், எப்போது போகுமென்று யாருக்குத் தெரியும்.

அர்செனியோ போனை எடுத்துப் பார்த்தான். கரண்ட் போனால் டவரும் சேர்ந்து படுத்துவிடும். போனை மேசையில் போட்டுவிட்டு, மிர்த்தாவின் வீடு இருக்கும் கீழ்த்தெருவை நோக்கிப் படிகளில் இறங்கினான். நூற்றுப் பத்துப் படிகள். வலது முழங்கால் ஒவ்வொரு படியிலும் கடித்தது.

மிர்த்தா வாசலை ஒட்டிய அறையில் கண்ணாடி முன் உட்கார்ந்து, பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை வெட்டிச் செய்த சுருள்களில் தலைமுடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் குழாயை வெட்டிக் கொடுத்தவனும் இவன்தான்.

"வாப்பா அர்செனியோ. நான் பந்தயம் கட்டியிருந்தா ஜெயிச்சிருப்பேன். குக்கரைக் காணோம்னு வேலையை விட்டுட்டு ஓடி வந்துட்டே, இல்ல?"

"குக்கரைக் கொடு, மிர்த்தா. எனக்கு இப்பவே வேணும்."

"எதுக்கு? கரண்டே இல்ல. அதை மடியில வெச்சுக் கொஞ்சப் போறியா?"

"கொடுன்னா கொடு."

மிர்த்தா எழுந்து சமையலறை வாசலில் கையை நீட்டி மறித்துக்கொண்டாள். அவளுக்கு ஒடால்மிஸ் மேல் உயிர். இந்த ஆள் போய் அவளிடம் கத்தப் போகிறான் என்றுதான் அவள் மனதில் ஓடியது.

"அடுப்புல ஏத்தி வெச்சிருக்கேன், பாதி வெந்திருக்கு. சாயங்காலம் நானே கழுவித் துடைச்சுக் கொண்டு வந்து தர்றேன். போ."

"பாதி வெந்துதா? விசில் வந்துதா? துவாரத்தைச் சுத்தம் பண்ணினியா?"

"அடேயப்பா! பொம்பளைக்குச் சமையல் சொல்லிக் குடுக்க வந்துட்டார் துரை."

அந்த இடத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மிர்த்தாவிடம் சொன்னால் பத்து நிமிஷத்தில் தெருவுக்கே தெரியும். அர்செனியோ வால்வுக்குப் பதில் ஆணியடித்தான், பெண்டாட்டியிடம் பொய் சொன்னான், காசை அமுக்கினான். இருபது வருஷமாக இந்த வீடுகளுக்குள் நிமிர்ந்து நுழைந்தவன் அவன். 'அர்செனியோ பார்த்துட்டானா? அப்ப சரி' என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே அவன் பல வேலைகளுக்குக் கூலி வாங்கியதில்லை. அந்த மரியாதையைத் தன் வாயாலேயே கொடுத்துவிட அவனால் முடியவில்லை. கரண்ட் வருவதற்குள் குக்கரைக் கையில் வாங்கிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டான்.

அதனால் வீண் வாதம் செய்தான். கைப்பிடி ஆடுகிறது, பார்க்க வேண்டும் என்றான். தன் அக்கா கேட்டிருக்கிறாள் என்றான். அவனுக்கு அக்காவே கிடையாது என்பது மிர்த்தாவுக்குத் தெரியும். கடைசியில் அவள் கையைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். அடுப்பில் காபிப் பாத்திரம் மட்டும் இருந்தது.

"எங்கே அது?"

"கத்தாதே. நான் காலையில கரண்ட் போறதுக்கு முன்னாடியே வேக வெச்சு முடிச்சுட்டேன். நீ உன் பொண்டாட்டியைத் திட்டுவேன்னுதான் மறைச்சேன். செனாய்தாக்கா வீட்டுல பேரன் பேத்தியோட ஏழு பேர், பட்டாணி மூட்டையா கிடக்கு, குக்கர் இல்ல. அங்க போயிருக்கு."

செனாய்தாவின் வீடு மேட்டின் உச்சியில் இருந்தது. அவன் வீட்டுக்கும் மேலே. அவன் இறங்கி வந்த அத்தனை படிகளும் தவறான திசை.

"யாரு கொண்டு போனா?"

"வேற யாரு, ஒடால்மிஸ்தான். கரண்ட் இல்லாம தையல் கூடத்துல மெஷின் ஓடலைன்னு பதினொரு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். இங்க வந்தா, குக்கரைத் தூக்கினா, போனா. அக்காவோட உக்காந்து அரிசி பொறுக்கறேன்னு சொன்னா."

அர்செனியோ சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டான். இதுவரை அவன் பயந்ததெல்லாம் யாரோ ஒருவருக்காக. இப்போது அந்த அடுப்பருகே யார் நிற்பாள் என்று தெரிந்துவிட்டது.

அப்போது மூலையில் இருந்த மின்விசிறி ஒருமுறை இருமியது. பழைய வாஷிங் மெஷின் மோட்டார், அவன் பொருத்தியது. மெல்லச் சுற்ற ஆரம்பித்து வேகம் எடுத்தது.

"கரண்ட் வந்துருச்சு!"

முதல் குரல் எதிர் வீட்டிலிருந்து. பிறகு பக்கத்து வீடு, அடுத்த தெரு, குழந்தைகள், கிழவர்கள், மேடு முழுவதும் ஒரே ஆரவாரம். ரேடியோக்கள் பாதிப் பாட்டிலிருந்து பாடத் தொடங்கின. மிர்த்தாவும் கையைத் தட்டி, "வந்துருச்சு!" என்று கத்தினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். கத்தியது பாதியில் நின்றது.

"என்னப்பா?"

"அந்தக் குக்கர்ல வால்வு இல்ல, மிர்த்தா. ரிவெட் அடிச்சு அடைச்சு வெச்சிருக்கேன். பட்டாணி போட்டு நிரப்பினா வெடிச்சுரும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும் அதுலதானே காலையில வெச்சேன்" என்றாள் முதலில். அடுத்த கணம் கையில் கிடைத்த சுருளை அவன் மேல் எறிந்தாள். "படுபாவி! வந்ததும் இதைச் சொல்றதுக்கு என்ன? கால் மணி நேரமா இல்லாத அக்காவைப் பத்திப் பேசிட்டு நிக்கறே! ஓடு!"

அவன் ஓடினான்.

அது வெடிக்க இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டான். பச்சைத் தண்ணீர், நிறைந்த பாத்திரம், கொதிக்கவே நேரம் பிடிக்கும். பிறகுதான் நினைவு வந்தது. செனாய்தாவின் அடுப்பில் காயில் இரண்டு முறை அறுந்திருந்தது. இரண்டு முறையும் அறுந்த இடத்தை வெட்டிவிட்டு முறுக்கிச் சேர்த்தவன் அவன். காயில் குட்டையாகக் குட்டையாகச் சூடு ஏறும். 'கடையில வாங்கினதைவிட இது சீக்கிரம் கொதிக்குது' என்று அக்கா மெச்சிக்கொண்டபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியென்றால் இருபத்தைந்து கிடையாது. பதினெட்டு, இருபது.

படிகளில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். பம்பு போட ஓடுகிறவர்கள், வாளிகளை வரிசையாக வைக்கிறவர்கள். ஒருவன் கையில் இஸ்திரிப் பெட்டியோடு வழிமறித்து, "அர்செனியோ, நல்ல நேரத்துல வந்தே, இது ஷாக் அடிக்குது, ஒரு நிமிஷம் பாரேன்" என்றான். அவனைத் தள்ளிவிட்டு ஏறினான். பின்னாலிருந்து வசவு கேட்டது. முழங்கால் மடங்க மறுத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துத் தன்னைத்தானே மேலே இழுத்தான். தன் வீட்டைக் கடந்தபோது மூச்சுக்குப் பதில் ஏதோ கிழிகிற சத்தம்தான் மார்பிலிருந்து வந்தது. இன்னும் எழுபது படிகள். வெடிச் சத்தம் எப்படி இருக்கும் என்று காது அதற்காகவே காத்திருந்தது. மேலே யார் வீட்டிலோ கதவு அறைந்து சாத்திக்கொண்டதும் அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அது கதவு என்று புரிந்ததும் எழுந்து மறுபடி ஏறினான்.

செனாய்தாவின் வீட்டுக்கு முன்னால் இரும்புக் கிராதி. பூட்டியிருந்தது. வாசல் அறையில் ரேடியோ முழுச் சத்தத்தில் அலறிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க ஊமையாகக் கிடந்ததற்கு வட்டி சேர்த்து அலறுகிற மாதிரி. நீண்ட நடையின் கடைசியில் சமையலறை. பெண்கள் சிரிப்பது இடையிடையே கேட்டது.

"ஒடால்மிஸ்! ஒடால்மிஸ்!"

கிராதியைப் பிடித்து உலுக்கினான். ரேடியோ அவனைவிடப் பலமாகக் கத்தியது.

மீட்டர் வெளிச்சுவரில் இருந்தது. அவன் திரும்பி அதன் தகரக் கதவைத் திறந்தான். பிரேக்கரைக் கீழே தள்ளினால் போதும், அடுப்பு அணையும். தள்ளினான். ரேடியோ நிற்கவில்லை. மறுபடி தூக்கித் தள்ளினான். பாட்டு தன் பாட்டுக்கு ஓடியது.

அப்போதுதான் கண்டான். பிரேக்கருக்கு மேலிருந்து கீழே ஒரு செப்புக் கம்பி, நேர்த்தியாக வளைத்து முறுக்கப்பட்டு, பளிச்சென்று. போன வருஷம் பிரேக்கர் கெட்டுப்போனபோது, 'புதுசு எதுக்குக்கா, தண்டச் செலவு' என்று அவனே போட்டது. அந்த வரிசையில் இருந்த மூன்று வீட்டுக்கும் அதே கம்பி வழியாகத்தான் கரண்ட் போனது. அதற்குக் கூலியாக அக்கா ஒரு சீப்பு வாழைக்காய் கொடுத்தாள். அவன் அதை வறுத்துத் தின்றான்.

தன் கையைத் தானே வெட்டிப்போட வேண்டும் போல அவனுக்கு ஆத்திரம் வந்தது.

பக்கத்து வாசலில் ஒரு துடைப்பம் சாத்தியிருந்தது. அதன் கட்டையைக் கம்பிக்குப் பின்னால் செருகி, கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு எடை முழுவதையும் போட்டு இழுத்தான். படீரென்று நீலமாக ஒரு பொறி. துடைப்பத்தோடு அவன் தெருவில் மல்லாந்து விழுந்தான். ரேடியோ நின்றது. மூன்று வீட்டிலும் ஒரே சமயத்தில், "அட சனியனே, போயிடுச்சு!" என்று குரல்கள் எழுந்தன.

"ஒடால்மிஸ்!"

இப்போது கேட்டது. அவள் நடையின் கோடியில் வந்து நின்றாள். கையில் ஒரு கரண்டி.

"யாரு, நீயா? ஒரு குக்கருக்கா இவ்வளவு ஓட்டம்? வேர்த்துக் கொட்டுது பாரு, வெக்கமாயில்ல?"

"வெளியே வா. அக்காவைக் கூட்டிக்கிட்டு உடனே வெளியே வா."

"இருப்பா, அந்த வெயிட் ஆடவே மாட்டேங்குது. இவ்வளவு நேரமாச்சு, ஒரு விசில் இல்ல. கரண்டியால ஒரு தட்டு தட்டிட்டு..."

"தொடாதே!"

அவன் போட்ட சத்தத்தில் அவள் கரண்டியைக் கீழே போட்டாள். முப்பது வருஷத்தில் அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

"நான் வால்வு வாங்கலை, ஒடால்மிஸ். உன் காசு ஆணி டப்பாவுல இருக்கு. அந்த ஓட்டையை ரிவெட் அடிச்சு மூடிட்டேன். ஆவி போக வழியில்ல. அது வெடிக்கப் போகுது."

அவள் அவனையே பார்த்தாள். நடை நீளமாக இருந்தது, முகம் சரியாகத் தெரியவில்லை. "அக்கா, வாங்க" என்று மட்டும் சொன்னாள், சாதாரணக் குரலில். செனாய்தா அரிசித் தட்டோடு வந்தாள். பேரன் பேத்திகள் பள்ளியில், பெரியவர்கள் வேலையில்; வீட்டில் வேறு யாரும் இல்லை. இருவரும் கிராதிக்கு அருகே வந்து நின்றார்கள்.

"சாவி?"

செனாய்தாவின் முகம் வெளிறியது. "அடுப்புக்குப் பக்கத்துல, ஆணியில."

"ஆக்சா பிளேடு இருக்கா? யாராவது! ஆக்சா பிளேடு!" என்று அவன் தெருவைப் பார்த்துக் கத்தினான். கிராதிக்குள் கையை விட்டு ஒடால்மிஸின் தோளைப் பிடிக்கப் பார்த்தான். அவள் அதற்குள் திரும்பி நடந்துவிட்டாள். ஓடவில்லை. ஓடினால் தரை அதிருமோ என்று பயந்தவள் மாதிரி, பாதங்களை மெல்ல வைத்துப் போனாள். சமையலறைக்குள் மறைந்தாள். அர்செனியோவுக்கு நெற்றி கிராதியில் பதிந்திருப்பது தெரியவில்லை. அவளைக் கொடு, அவளை மட்டும் கொடு, என்று யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தான். கரண்ட் போனாலும் காயில் உடனே ஆறாது. இன்னும் சிவந்துதான் இருக்கும். குக்கர் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

அவள் வந்தாள். கையில் சாவி. பூட்டைத் திறக்கும்போது இரண்டு முறை தவறியது, மூன்றாவது முறை திரும்பியது. மூவரும் தெருவைக் கடந்து எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். வரிசை வீட்டுக்காரர்கள் கரண்டை நிறுத்தியவனைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க. உள்ளே யாரும் இருக்கக் கூடாது" என்றான் அர்செனியோ. ஏன் என்று கேட்டார்கள். சொன்னான். ரிவெட்டைச் சொன்னான், கம்பியைச் சொன்னான், காயிலைச் சொன்னான். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. கீழ்த்தெருவிலிருந்து பாதிச் சுருள் தொங்கும் தலையோடு மிர்த்தாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

சமையலறையிலிருந்து ஒரு சீறல் கேட்டது. மெல்லியதாக ஆரம்பித்துக் கீச்சென்று உயர்ந்தது. செனாய்தா அரிசித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். அர்செனியோ ஒடால்மிஸைச் சுவரோடு தள்ளி அவளுக்கு முன்னால் நின்றான். சீறல் நீண்டது. பிறகு ஒரு பெரிய 'புஸ்'. நடை முழுவதும் வெள்ளையாக ஆவி நிறைந்து வாசல் வரை வந்தது. பட்டாணி வாசனை அடித்தது. அவ்வளவுதான். வெடிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவன் தனியாக உள்ளே போனான். பின்னால் யாரும் வரவில்லை. குக்கரின் மூடி இருந்த இடத்தில்தான் இருந்தது. ஒரு பக்கமாக ரப்பர் கேஸ்கெட் பிதுங்கி நாக்கு மாதிரி வெளியே தொங்கியது. சுவரெல்லாம் பச்சைக் கூழ். ரிவெட் மட்டும் பளபளவென்று, அசையாமல், சுத்தியலால் அறைந்த அன்று போலவே இருந்தது.

ஆறியதும் அதை வெளியே தூக்கி வந்து வாசற்படியில் வைத்தான். செனாய்தா குனிந்து பார்த்தாள்.

"இந்த ரப்பரை யாரு வெட்டிப் போட்டது?"

"நான்தான். சைக்கிள் டியூப்ல."

"அப்ப நாங்க பொழைச்சது, அதை நீ ஒழுங்கா வெட்டாததாலயா?"

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள். மிர்த்தா சிரிக்கவில்லை. அவள் படியிறங்கிப் போனாள். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தபோது மின்விசிறியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அதை அவன் முன்னால் தரையில் வைத்தாள்.

"இதுல என்ன வெச்சிருக்கே? உண்மையைச் சொல்லு. என் தலைமாட்டுல ஓடுது இது."

அவன் பார்த்தான். "பயமில்ல. எர்த் கம்பி மட்டும் இல்ல. ஈரக் கையோட தொடாதே."

அதன் பிறகு மற்றவர்களும் போனார்கள். ஒருவர் அடுப்பைக் கொண்டு வந்தார், ஒருவர் நீட்டிப்பு வயரை, ஒருவர் குழந்தைக்குப் பால் சுட வைக்கும் சிறு ஹீட்டரை. இஸ்திரிப் பெட்டிக்காரனும் ஏறி வந்துவிட்டான். யாரும் திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. ஒவ்வொருவராகச் சாமானை வைத்து, "இது?" என்று கேட்டார்கள். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, "சரி", "இதை வேண்டாம்", "இதைப் பிரிச்சு மறுபடி செய்யணும்" என்று சொன்னான். இருபது வருஷம் அவன் பார்த்தாலே போதும் என்றிருந்தவர்கள், இப்போது அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வரிசையின் கடைசியில் ஒடால்மிஸ் நின்றாள். எப்போது வீட்டுக்குப் போய் வந்தாள் என்று அவன் கவனிக்கவில்லை. அவள் வீட்டுத் தையல் மெஷினின் சிறு மோட்டாரைக் கழற்றி ஒரு பழைய துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அவள் அதன் மேல்தான் குனிந்து உட்கார்ந்திருப்பாள். அதை அவன் மடியில் வைத்தாள்.

"இதுல?"

அவன் அதைக் கையில் எடுத்தான். ஒயர் சேரும் இடத்தில் தார் பூசிய துணி சுற்றியிருந்தது, அவன் சுற்றியதுதான். எந்த வருஷம், எதற்காக, உள்ளே எதை வைத்து எதைச் சேர்த்தான்? யோசித்தான். தலைக்குள் எத்தனையோ ரிவெட்டும் கம்பியும் வந்தன, இது மட்டும் வரவில்லை.

"ஞாபகமில்ல" என்றான். எல்லோர் முன்னாலும் அழுதான், கையால்கூட மறைத்துக்கொள்ளவில்லை.

ஒடால்மிஸ் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அவன் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை உருவி அவன் கையில் வைத்தாள்.

"பிரி," என்றாள். "நான் பார்க்கணும்."